பறக்கும் ஓணானைக் கண்டறிந்து கவனிப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய பாக்குத் தோப்புகளிலும் வாழும் பறக்கும் ஓணானைத் தேடிச் செல்பவர்களில் பெரும்பாலோர், அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு செல்கிறார்கள். மரத்துக்கு மரம் கண்ணை ஓட்டி, கழுத்து வலியோடும் மங்கலான ஒரு புகைப்படத்தோடும் திரும்புகிறார்கள். மரம் விட்டு மரம் செல்லும் ஒரு பாய்ச்சல் இரண்டு மூன்று வினாடிகளில் முடிந்துவிடும். நாளின் மற்ற நேரம் முழுவதும் இந்த ஓணான் மரப்பட்டையின் மேல்தான் இருக்கிறது. அங்கேதான் இரை தேடுகிறது, எல்லைக்காகச் சண்டையிடுகிறது, துணையைக் கவர்கிறது. ஆகவே வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு மரத்தின் தண்டைப் பொறுமையாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. பாய்ச்சல் தானாகக் கிடைக்கும்.

தென்னிந்தியத் தீபகற்பத்தில் உள்ள பறக்கும் ஓணான் ஒரே ஓர் இனம்தான். அறிவியல் பெயர் டிராகோ டுசுமியெரி. இந்தியக் கடற்கரைகளிலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு ஏராளமான உயிரின மாதிரிகளைக் கொண்டு சேர்த்த பிரெஞ்சு வணிகரும் பயணியுமான டுசுமியேயின் நினைவாக, பிரெஞ்சு விலங்கியலாளர்களான டுமெரிலும் பிப்ரோனும் 1837-இல் இந்தப் பெயரை இட்டார்கள். டிராகோ பேரினத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழ்பவை. நம் பகுதியில் ஒரே இனம் இருப்பது தொடக்கநிலையில் உள்ளவருக்கு வசதியானது, ஏனெனில் இது எந்த டிராகோ என்ற குழப்பத்துக்கே இங்கு இடமில்லை.

அடையாளம்

தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 9 செ.மீ., வால் ஏறத்தாழ 14 செ.மீ. என்ற அளவுக்குள் அடங்கும் மெலிந்த விலங்கு இது. முதுகு, பட்டையின் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். பாசியும் மரக்காளானும் படர்ந்த தண்டில் அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், இருக்கும் இடம் தெரிந்தவர்கூட ஒருமுறை கண்ணை எடுத்தால் மீண்டும் தேடத்தான் வேண்டும். விலாவின் இருபுறமும் மடிந்து கிடக்கும் தோல்தான் இதன் இறக்கை. நீண்டு வளர்ந்த ஐந்து முதல் ஏழு இணை விலா எலும்புகள் குடைக்கம்பிகள் போல அந்தத் தோலைத் தாங்குகின்றன. ஓய்வில் இருக்கும்போது இறக்கை உடலோடு ஒட்டி மடிந்துவிடுவதால், தண்டில் இருக்கும் ஓணானை இறக்கையை வைத்து அடையாளம் காண முயல்வது வீண்.

தொண்டையைப் பாருங்கள். ஆணுக்கு நீண்ட, கூர்மையான, எலுமிச்சை மஞ்சள் நிறத் தொண்டை மடல் உண்டு; அதை முன்னோக்கி நீட்டும்போது இருண்ட தண்டின் மேல் மஞ்சள் நிறம் பளிச்சிட்டு மறையும். பெண்ணின் மடல் சிறியது, சாம்பல் கலந்த நீலநிறம் கொண்டது. தோட்டத்து ஓணானும் மரமேறும், காட்டு ஓணான்கள் சிலவும் இதே தண்டுகளில் இருக்கும். ஆனால் அவற்றுக்குப் பொதுவாக முதுகில் முள்வரிசை எடுப்பாகத் தெரியும், உடலும் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். பறக்கும் ஓணான் மேலிருந்து அழுத்தப்பட்டதைப் போலத் தண்டோடு படிந்து கிடக்கும். பறக்கும் அணிலோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. அது இரவு விலங்கு, அதன் தோல் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே விரிகிறது, விலா எலும்புகளுக்கு அதில் வேலை இல்லை.

இடமும் நேரமும்

தமிழ்நாட்டில் ஆனைமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய பகுதிகளும், கேரளத்தில் பறம்பிக்குளம், வயநாடு போன்ற பகுதிகளும், கர்நாடகத்தில் ஆகும்பேயும் இந்த ஓணானுக்குப் பேர்போனவை. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் அனுப்பும் காவலரோடு செல்லுங்கள். இது சட்டத்துக்காக மட்டுமன்று. ஒரே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு யானை பின்னால் வந்து நிற்பது தெரியாது. ஆனைமலைக் காடுகளில் காடர், மலசர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டியாக வந்தால், தொலைநோக்கி வைத்திருக்கும் நம்மைவிட முன்னதாகவே அவர்கள் ஓணானைக் காட்டிவிடுவார்கள்.

காட்டுக்குள் போக வாய்ப்பில்லாதவர்கள் மலையடிவாரத்துப் பாக்குத் தோப்புகளில் தேடலாம். உண்மையில் தொடக்கப் பயிற்சிக்குத் தோப்பே சிறந்தது என்பது என் கருத்து. பாக்கு மரத்தின் தண்டு நேராக, கிளையின்றி, ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பதால் அதில் ஒட்டியிருக்கும் சிறு மேடுகூடக் கண்ணுக்குத் தட்டுப்படும். மரங்கள் சீரான இடைவெளியில் வரிசையாக நிற்பதால் பாய்ச்சலின் தூரத்தை அளப்பதும் எளிது. தோப்பு உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். மருந்து தெளித்த நாட்களில் செல்ல வேண்டாம்.

இது பகலில் இயங்கும் விலங்கு. காலை வெயில் தண்டுகளில் விழத் தொடங்கியது முதல் நண்பகலுக்கு முன்பு வரை உள்ள நேரம் மிகவும் பயனுள்ளது. மழையிலும் பலத்த காற்றிலும் இந்தப் பேரினத்து ஓணான்கள் பாய்வதைத் தவிர்க்கின்றன, ஆகவே தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தொடக்கக்காரர் விட்டுவிடலாம். மழை தொடங்குவதற்கு முந்தைய கோடை மாதங்களே வசதியானவை.

தண்டில் கண்டுபிடிப்பது

8×42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட), அருகில் இருப்பதையும் தெளிவாகக் காட்டக்கூடிய தொலைநோக்கி ஒன்று போதும். ஆனால் தேடும்போது அதைக் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். தேடல் வெறுங்கண்ணால் செய்ய வேண்டியது. தண்டின் நடுப்பகுதியைப் பார்க்காமல் அதன் இரு விளிம்புகளையும், பின்னால் வெளிச்சம் தெரியும் கோட்டையும், கீழிருந்து மேலாகக் கண்ணால் வருடிச் செல்லுங்கள். நடுவில் பட்டையோடு கலந்து மறைந்திருக்கும் உடல், விளிம்புக்கு வந்ததும் ஒரு சிறு புடைப்பாகக் காட்டிக்கொடுக்கும். அது கொஞ்ச தூரம் விரைந்து ஏறி, நின்று, மீண்டும் ஏறும் பழக்கம் உள்ளது என்பதால் அசைவையும் கண் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் நெருங்கியதும் ஓணான் தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். துரத்திச் சுற்றுவதால் பயனில்லை. இருவராகச் சென்று, தண்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஏழெட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொள்வதே சரியான வழி. தனியாகச் சென்றவர் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால், பெரும்பாலும் அதுவே இரையைத் தேடி இந்தப் பக்கம் வந்துவிடும். தண்டைத் தட்டுவது, கிளையை உலுக்குவது, சிறு கல்லை எறிந்து பாயவைப்பது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். விரட்டப்பட்டுப் பாயும் ஓணான் தன் இரையிடத்தை விட்டு, எதிரியின் எல்லைக்குள்கூடப் போய் இறங்க நேரிடும். அப்படிப் பெறும் பதிவு அதன் இயல்பான நடத்தையைப் பற்றி எதையும் சொல்லாது.

ஓணானைவிட எறும்பைத் தேடுவது பல நேரங்களில் விரைவான வழி. பறக்கும் ஓணானின் முக்கிய உணவு மரத்தில் ஊரும் எறும்புகளே. தண்டில் எறும்புச் சாரை ஏறி இறங்கும் மரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பட்டையின் மேல் நடப்பவை

இரை தேடும் ஓணானைத் தொலைநோக்கியில் நெருக்கமாகப் பார்க்கக் கிடைத்தால், அது சாரைக்கு ஓரமாகத் தலையை மேல்நோக்கி வைத்துப் படிந்திருப்பதைக் காணலாம். உடல் அசைவதில்லை, கண் மட்டும் உருளும். ஓர் எறும்பு எட்டும் தூரத்துக்கு வந்ததும் தலை சட்டென்று தாழ்ந்து, தடித்த நாக்கு பட்டையைத் தொட்டு மீளும்; தொண்டை ஒருமுறை அசையும்; அடுத்த எறும்புக்காகப் பழையபடி காத்திருக்கும். சாரை கலைந்ததும் அரை மீட்டர் மேலே ஏறி மறுபடியும் அதையே செய்யும். சலிப்பூட்டும் காட்சி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டியதில்லை, ஏனெனில் இந்த விலங்கின் உடலமைப்பில் பெரும்பகுதிக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் மிகச் சிறிய இரை, அது மரத்துக்கு மரம் சிதறிக் கிடக்கிறது, ஒரு தண்டில் தீர்ந்ததும் அடுத்த தண்டுக்குப் போக வேண்டும். தரையில் இறங்கி ஓடி மீண்டும் ஏறுவதில் உழைப்பும் ஆபத்தும் உண்டு. இறக்கை அந்தத் தொல்லையை நீக்குகிறது.

பதிவு செய்வதற்கு எளிய முறை ஒன்று உண்டு. ஓர் ஓணானைத் தேர்ந்தெடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு ஒருமுறை அது அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்பதை ஓர் எழுத்தால் குறியுங்கள்: நிற்றலுக்கு ‘நி’, உண்ணுதலுக்கு ‘உ’, ஏறுதலுக்கு ‘ஏ’, மடல் காட்டுதலுக்கு ‘ம’, பாய்தலுக்கு ‘பா’, கண்ணில் படாவிட்டால் ஒரு கோடு. அந்தக் கோட்டை விடாமல் போடுவது முக்கியம். பார்க்க முடியாத நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கண்ணைக் கவரும் செயல்களே அதிகம் நடப்பதாகக் குறிப்பேடு பொய் சொல்லும். இடையிடையே ஐந்து நிமிடம் ஒதுக்கி, தலை தாழும் ஒவ்வொரு முறையையும் எண்ணிக்கொண்டால் இரை கொள்ளும் வேகமும் தெரிந்துவிடும். ஓணான் விலகிச் சென்றபின் சாரையை அருகில் சென்று படமெடுத்து, எந்த எறும்பு என்று பின்னர் கண்டறியலாம். முசுறு ஏறும் மரத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது, மற்ற எறும்புகள் ஏறும் மரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டுக் குறிப்பது, வசதி அதிகம் இல்லாத ஒருவர் எடுத்துக்கொள்ளத் தகுந்த நல்ல கேள்வி.

ஆண் மடல் காட்டும் காட்சி இதற்கு நேர்மாறாக விறுவிறுப்பானது. மஞ்சள் மடலை அடுத்தடுத்து நீட்டி மடக்கும், தலையை ஆட்டும், சில வேளைகளில் பக்க இறக்கையையும் பாதி விரித்துக் காட்டும். எதிரில் இன்னோர் ஆண் இருந்தால் துரத்தலில் முடியும். துரத்தப்பட்டது பாயும், துரத்தியதும் பின்னாலேயே பாயும். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த டிராகோ சுமத்ரானுஸ் இனத்தின் ஆண்கள், மடலில் வெயில் ஊடுருவி அது ஒளிரும் வகையில் சூரியனுக்குக் குறுக்காக உடலைத் திருப்பி நிற்கின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் இனத்திலும் இதைச் சோதித்துப் பார்க்க, மடல் காட்டும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், தண்டின் எந்தத் திசைப் பக்கத்தில் ஓணான் இருந்தது என்பதையும், மடலில் நேரடி வெயில் விழுந்ததா நிழல் விழுந்ததா என்பதையும் குறித்தால் போதும். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியே இதற்குப் போதுமானது.

பாய்ச்சலைப் பார்ப்பதும் அளப்பதும்

பாயப்போகும் ஓணான் பெரும்பாலும் தண்டில் உயரமாக ஏறி, தலையைப் போகவேண்டிய மரத்தின் பக்கம் திருப்பி, சற்று நேரம் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, கைப்பேசியில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியை ஓடவிடுங்கள். ஓணானை மட்டும் நெருக்கிக் காட்டாமல், அது புறப்படும் தண்டும் இறங்கக்கூடிய தண்டும் இரண்டும் படச்சட்டத்துக்குள் வரும்படி வைத்துக்கொண்டால்தான் பின்னர் எதையாவது அளக்க முடியும்.

மெதுவோட்டத்தில் பார்க்கும்போது முதலில் தெரிவது, தலைகுப்புறப் பாய்ந்ததும் அது ஏறக்குறைய ஒரு கல்லைப் போலக் கீழே விழுகிறது என்பதுதான். இறக்கை விரிந்து காற்றைப் பிடித்த பிறகே பாதை வளைந்து கிடைக்கோட்டை நெருங்குகிறது. அடுத்து முன்கால்களைப் பாருங்கள். விலா எலும்புகளும் உடல் தசைகளுமே இறக்கையை இயக்குகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆகும்பேயில் இதே இனத்தைக் கவனித்த ஜெர்மானிய உயிரியலாளர் டேலிங், பாய்ந்த சிறிது நேரத்திலேயே ஓணான் தன் முன்கால்களைப் பின்னோக்கிக் கொண்டுசென்று, இறக்கையின் முன்விளிம்பைக் கையால் பற்றிக்கொள்கிறது என்பதை 2017-இல் விளக்கினார். கையும் தோலும் சேர்ந்தே இறக்கையாகின்றன; கையை அசைத்தே அது திசையை மாற்றுகிறது. இறங்குவதற்குச் சற்று முன் பிடியை விட்டு, முன்கால்களை முன்னே நீட்டி, உடலை மேல்நோக்கி நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, நான்கு கால்களாலும் தண்டைப் பற்றும். உங்கள் காணொளியில் கை எந்தக் கணத்தில் பற்றுகிறது, எந்தக் கணத்தில் விடுகிறது என்று படம் படமாக நகர்த்திப் பாருங்கள். வினாடிக்கு 240 படங்கள் என்பது தெரிந்தால், படங்களை எண்ணி நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

தூரத்தை அளக்க, புறப்பட்ட தண்டுக்கும் இறங்கிய தண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியை நாடாவால் தரையில் அளந்துகொள்ளுங்கள். உயரத்துக்கு ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அதன் ஒரு குறும்பக்கம் தரைக்கு இணையாக இருக்கும்படி கண்ணருகே பிடித்து, நெடும்பக்கத்தின் வழியே தண்டில் அந்த இடத்தைப் பாருங்கள். அந்த இடம் நெடும்பக்கத்தின் கோட்டில் விழும்வரை பின்னோக்கி நடந்து, நின்ற இடத்திலிருந்து தண்டின் அடி வரையுள்ள தூரத்தோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் அந்த இடத்தின் உயரம் கிடைத்துவிடும். இது சமதளத்தில் மட்டுமே சரியாக வரும். சரிவான தரையில், மலைக்காட்டில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இரு தண்டுகளின் அடியும் எவ்வளவு உயர வேறுபாட்டில் உள்ளன என்பதையும் சேர்க்க வேண்டும். கிடைத்தூரத்தை இழந்த உயரத்தால் வகுத்தால் பாய்ச்சலின் திறன் எண்ணாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 24 மீட்டர் சென்று 8 மீட்டர் உயரத்தை இழந்தால் திறன் 3. தொடக்கத்தில் செங்குத்தாக விழும் பகுதி எல்லாப் பாய்ச்சலுக்கும் பொதுவானது என்பதால், குறுகிய பாய்ச்சல்களில் இந்த எண் குறைவாகவே வரும். அதனால் 6 மீட்டர்ப் பாய்ச்சலையும் 25 மீட்டர்ப் பாய்ச்சலையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுக்கக் கூடாது.

ஏன் பாய்ந்தது என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: துரத்தல், தப்பித்தல், இடமாற்றம், தெரியவில்லை. கடைசிச் சொல் அதிகம் வந்தால் கவலைப்பட வேண்டாம்.

தரையில் ஒரு பெண்

பறக்கும் ஓணான் தரையில் தென்பட்டால், அது அனேகமாக முட்டையிட இறங்கிய பெண்ணாக இருக்கும். மூக்கால் மண்ணைக் கிளறிச் சிறு குழி பறித்து, ஒரு சில முட்டைகளை இட்டு, மண்ணால் மூடிவிட்டு, ஏறத்தாழ ஒரு நாள் மட்டும் அருகிலிருந்து காத்துவிட்டு மரமேறிவிடும். அதன் வாழ்நாளில் மிகவும் ஆபத்தான நேரம் இது. பாம்புக்கும் பறவைக்கும் எட்டும் இடத்தில், இறக்கையால் பயனில்லாத நிலையில் இருக்கிறது. கண்டதும் பின்வாங்கி, தொலைவிலிருந்து தொலைநோக்கியால் மட்டும் பாருங்கள். குழியைத் தோண்டிப் பார்ப்பதோ, அதைச் சுற்றிக் குச்சி நட்டு அடையாளம் வைப்பதோ கூடாது. அருகிலுள்ள மரத்தையும் பாறையையும் வைத்து இடத்தைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டால் போதும்.

குறிப்பேடும் பகிர்வும்

ஒவ்வொரு பதிவிலும் தேதி, தொடங்கி முடித்த நேரம், இடம், வானிலை, மரத்தின் வகை, தண்டில் ஓணான் இருந்த உயரம், ஆணா பெண்ணா என்பவை இருக்க வேண்டும். ஓணானே தென்படாத நாட்களையும் அதே படிவத்தில் எழுதி வையுங்கள். எந்த மாதத்தில், எந்த வானிலையில் அது மறைந்திருக்கிறது என்பதை அவைதான் சொல்லும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைப் பகிரும் பொது இணையதளத்தில் ஏற்றும்போது, தொண்டை மடல் தெரியும் படத்தையும், முதுகும் விலாவும் தெரியும் படத்தையும் சேர்த்து இடுங்கள். முட்டையிட்ட இடத்தின் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். தளத்திலேயே அதற்கான வசதி உண்டு.